வகரம்

புரோவுக்குத் தெற்கே முள்மர நிழலில் வழக்கு.
கவிதையில்தான் கேட்பேன் என்றாள் டீக்கோ.
எடுத்த எழுத்தைக் கடைசி அடிவரை விடக்கூடாது;
ககரம் எடுத்தாள்.
'கேல்' என்றால் ஒட்டகம், அதனால்.

களவுபோன கூட்டம், கயிறறுந்த கழுத்துமணி,
கானலை நக்கிய கறவை.
எதிர்த்தரப்புக்காரனே தொடையைத் தட்டினான்.

தம்பி பெயர் வர்சமே.
மேய்க்கப் போனவன். மணி மட்டும் வந்தது.
கன்று என்று சொல்லிப் பார்த்தாள்.
எல்லாரும் கன்றையே நினைத்தார்கள்;
விலைகூடச் சொன்னார்கள்.

கடைசி அடி.
மோனை விழவேண்டிய இடத்தில்
உதடு குவிந்து நின்றது,
சத்தம் வரவில்லை.
தளை தட்டியதென்று யாரும் சொல்லவில்லை.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பையன்
ஒரு குவளை
கூடுதலாக ஊற்றினான்.