கிளிஃபர்ட் என்கிற நான்

சூப்பர்மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு பொறுக்கும்போது
முன்பின் தெரியாதவர் தோளைத் தட்டி
"பாய்லரை அணைச்சிட்டு வந்தீங்களா கிளிஃபர்ட்?" என்பார்.
என் பெயர் கிளிஃபர்ட் இல்லை, ராய்ஸ்டன்.
முப்பத்தொரு வருடமாக யாரையும் திருத்தவில்லை.

டோரீன் ஸ்டாதர்ஸ் மேடைக்காக வைத்த பெயர் அது.
"ராய்ஸ்டன்னா எவனும் சிரிக்கமாட்டான்.
'க'வில ஆரம்பிக்கணும், தொண்டையில இடிக்கணும்."
சொன்னது பல் துலக்கிக்கொண்டே.
நுரை கண்ணாடியில் தெறித்தது.
மேடையில் அந்த நுரையையும் சொன்னாள்,
துப்பியவன் கிளிஃபர்ட் என்று.

கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன் வெட்டுகிற கொட்டகை.
காட் மீனின் முள்ளை உருவியபடியே
மேற்பார்வையாளர் தும்முவதைத் தும்மிக்காட்டுவாள்.
பனிக்கட்டியில் விரல் மரத்த பெண்கள்
கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.
"இதுக்குக் காசு கேளுடி" என்றாள் ஒருத்தி.

கேட்டாள். எண்பத்துமூன்றில், தொழிலாளர் கிளப்பில்,
பிங்கோவுக்கும் பன்றிக்கறி ரொட்டிக்கும் நடுவே ஏழு நிமிடம்.
மூன்றாவது நிமிடத்தில் செயலாளர் மைக்கை வாங்கி
"ரொட்டி வந்தாச்சு" என்றார்.
அன்றைய பெரிய சிரிப்பு அவருக்குத்தான்.
அவர் நின்ற இடம், விட்ட மூச்சு எல்லாவற்றையும்
சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டாள்.

வண்டி ஓட்டியது நான்.
லீட்ஸ், ஸ்டோக், ஒருமுறை அபெர்டீன் வரை
எட்டுப் பேருக்காக; அதில் இருவர்
கழிவறை என்று நினைத்து உள்ளே வந்தவர்கள்.
கேஸ் பழுதுபார்ப்பவன் நான்.
பகலெல்லாம் கசிவை மோந்து திரிவேன்.
இரவில் கடைசி வரிசையில் நின்று
சிரிப்பு எந்த இடத்தில் கசிகிறதென்று சொல்லவேண்டும்.

எடின்பரோவில் ஓர் ஆகஸ்ட், முழுக்க மழை.
புது பாய்லருக்கு வைத்திருந்த பணத்தில்
ஒரு நிலவறையை வாடகைக்கு எடுத்தோம்.
பதினேழாம் நாள் விமர்சகர் ஒருவர் நனைந்துகொண்டு வந்தார்.
நான்கு நட்சத்திரம்.
வெட்டி ஃப்ரிஜ்ஜில் ஒட்டினேன்.
"அஞ்சாவதை எங்கடா வெச்சிருக்கே?"
கதவைத் திறந்து வெண்ணெயிடம் கேட்டாள்.

அப்புறம் டீவி. அப்புறம் லண்டன்.
அப்புறம் வக்கீல் நோட்டீஸ்.
விவாகரத்து பத்து நிமிடம் ஓடியது.
டிக்கெட் வாங்கித்தான் பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

ஆனாலும் சொல்லவேண்டும்:
கிறிஸ்துமஸ் அன்று பாய்லர் வெடிக்கவில்லை, இருமியது.
கரி பூசிக்கொண்டது அவள் அம்மா இல்லை, பூனை.
கல்யாண நாளை ஒருமுறைதான் மறந்தேன், நான்குமுறை அல்ல.
கேட்டதற்கு, "நாலுன்னாதான் தாளம் விழும்" என்றாள்.
பேன்ட் கழன்றது உண்மை.

கிளாஸ்கோவை மட்டும் அவள் எங்கும் சொன்னதில்லை.
மேடையில் சாவது என்பார்கள் அந்தத் தொழிலில்.
அன்று இருபத்தைந்து நிமிடம் செத்தாள்.
நாணயம் ஒன்று பறந்து வந்து நெற்றியில் பட்டது.
கார்லைல் தாண்டும்வரை பேச்சில்லை.
ஸ்காட்ச் கார்னர் விளக்குகள் தெரியும்போது
ஜன்னலைப் பார்த்தபடி ஒரு வரி சொன்னாள்.
ஒரே வரி.
காரை ஓரங்கட்டவேண்டியதாயிற்று.
மூச்சு முட்டி ஸ்டீயரிங்கில் கவிழ்ந்து கிடந்தேன்.
லாரிக்காரர் ஒருவர் இறங்கிவந்து
மாரடைப்பா என்று கேட்டார்.

போன மார்ச்சில் நிஜமாகவே செத்தாள்.
தேவாலயத்தில் கொடுத்த தாளில்
'கிளிஃபர்ட் பேசுவார்' என்று அச்சடித்திருந்தது.
இது யார் வேலை என்று தெரியும் எனக்கு.

அந்த ஒரு வரியை நாக்கில் வைத்துக்கொண்டு ஏறினேன்.
சிரிப்புக்கு முன்னால் ஒரு மூச்சு விடு,
இரண்டு விட்டால் தொலைந்தாய் என்பாள்.
ஒன்று விட்டேன்.
இரண்டு.
முன்வரிசையில் மீன் கொட்டகைப் பெண்கள்,
மடியில் கைப்பை, கிழவிகள் இப்போது.
மூன்று.
"பாய்லரை அணைச்சிட்டுத்தான் வந்தேன்" என்றேன்.

கூரை அதிர்ந்தது. பாதிரியாருக்குப் புரை ஏறியது.

திரும்பி வரும்போது
ஊருக்குள்ளேயே, எங்கள் தெரு திரும்புவதற்குள்,
காரை ஓரங்கட்டவேண்டியதாயிற்று.