திருத்தப் பட்டியல்

பெர்கன் துறைமுகம், 1947, அக்டோபர்.
மழை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விலைக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில்
நான் தட்டச்சு செய்தது
ஊர் எதைச் சாப்பிடலாம் என்பதை அல்ல,
அதற்கு எவ்வளவு கேட்கலாம் என்பதை.
ஹெர்ரிங் மீன், உப்பிட்டது.
மார்கரின்.
குதிரை இறைச்சி, எலும்புடன். எலும்பு நீக்கியது தனி.
ஷூ லேஸ், ஜோடி.
கப்பலில் வருபவற்றுக்கு வேறு தாள்:
காப்பிக்கொட்டை, லவங்கப்பட்டை,
கலிபோர்னியாவின் உலர்ந்த பிளம்.
நான் வாயில் வைத்து ஏழு வருடமானவற்றுக்கு
மேல்மாடியில் விலை வைத்தார்கள், காசு சுத்தமாக.

ஸ்டென்சில் தாளில் எழுத்து தெரியாது.
மெழுகில் ஒரு கீறல் விழும், அவ்வளவுதான்.
மூன்று குரோனர் இருபது
இரண்டு முப்பது ஆனது அப்படித்தான்.
அசதியா, விரல் விறைத்ததா,
காரணம் தேடி என்னைக் காப்பாற்றிக்கொள்ள மாட்டேன்.
கையெழுத்து விழுந்தது. முத்திரை விழுந்தது.
நூற்றெண்பது கடைச் சுவர்களில்
என் பிழை சட்டமாக ஒட்டப்பட்டது.

திங்களன்று பிளம் இருந்தது.
புதனன்று இல்லை.
யாரும் தின்று தீர்த்துவிடவில்லை.
கொள்முதலுக்கும் கீழே விற்க யாருக்கு மனம் வரும்?
மூட்டைகள் மாவுப் பீப்பாய்க்குப் பின்னால் போயின,
கட்டிலுக்கடியில் போயின.
பட்டியலைப் பார்த்து ஓடிவந்த பெண்கள்
நனைந்த வெறும்பையோடு திரும்பினார்கள்.
"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்" என்கிற மாதிரி
எங்கள் ஊரிலும் ஒரு சொல் உண்டு.
என் தங்கை ஓஸ்லௌக் அதைச் சொன்னாள்.
நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.
உரித்தேன்.

ஹால்ஸ்டைன் நெட்ரேபோ மட்டும்
கண்ணாடி ஜாடியில், எல்லாருக்கும் தெரிய,
மூன்று இருபதுக்கு விற்றார்.
பழைய விலை மூன்று பத்து, கப்பல் கூலி ஏறியிருக்கிறது,
பத்துக் காசு கூடும் என்று
பென்சிலால் பொட்டலத் தாளில் போட்ட கணக்கு.
சரியான கணக்கு.
எங்கள் மேல்மாடிக்கு மூன்று வாரம் பிடித்தது அதே கணக்குக்கு.

ஆய்வாளர் ஓட்வார் மழைக்கோட்டில் போய்
கால் கிலோ வாங்கி
ரசீதும் வாங்கி வந்தார்.
அந்த அறிக்கையை அடித்ததும் நான்தான்.
"கொள்ளை லாபம்" என்ற சொல்லில்
ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

இருநூறு குரோனர் அபராதம்.
நாளிதழில், ஆக்கிரமிப்பின்போது
ஜெர்மன் படைக்குச் சிமென்ட் விற்றவனின் வழக்குக்குக் கீழே,
அதே பத்தியில், அவர் பெயர்.

மூலக் கோப்பு என் மேசைக்கு வந்தது அதற்கு மறுநாள்.
தலைமை அலுவலர் ட்வேய்த் முன்னால்
இரண்டு தாள்களையும் வைத்தேன்.
கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.
"பிழை பிழைதான். அபராதமும் சரிதான்.
அன்றைக்கு அதுதானே விலை?
திருத்தம் திங்கள் முதல் செல்லும்.
முன்தேதி போட நமக்கு அதிகாரமில்லை."

திருத்தப் பட்டியல், எண் 41. ஒரே ஒரு வரி.
நான்கு முறை சரிபார்த்தேன்.
செவ்வாயன்று காளான் முளைத்தாற்போல்
எல்லாக் கடையிலும் பிளம்.
கட்டுப்பாடு பலன் தருகிறது என்றது நாளிதழ்.

சனிக்கிழமை அவர் கடைக்குப் போனேன்.
கால் கிலோ. தராசு முள் நிற்கும்வரை காத்திருந்தார்.
ஒரு பழத்தை எடுத்தார், திரும்ப வைத்தார்.
சுவரில் ஒட்டிய வரியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு
"எண்பது காசு" என்றார்.
நான் கேட்காமலே ரசீது எழுதினார், தேதியோடு.

"அந்த வாரமும் விலை மூன்று இருபதுதான்" என்றேன்.
"எனக்குத் தெரியும்.
உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குப் பின்னால் பதினோரு பேர்.
யாருடைய குடையோ என் முதுகில் இடித்தது.
நகர்ந்தேன்.

பாலம்வரை, பாலம் தாண்டி, மாடிப்படிவரை
ஒரு கொட்டை என் நாக்கின் கீழ் உருண்டது.
துப்ப வழியெங்கும் இடமிருந்தது.