இடது இருக்கையில் அறுபத்திரண்டு கிலோ

ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்று அறுத்தார்கள்
வண்டிச்சோலை ஷெட்டில்.
மாலையில் எங்கள் பழைய எஸ்டீம்
எலியைக் கண்ட பூனையாய்ப் பதுங்கி நின்றது.
போஜராஜ் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.
மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே
இரண்டு விரல்தான் நுழைந்தது.
அழகாய்த்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

பர்லியாறுக்கு இறங்கும்போது
வலக்கை வளைவுகளில் மட்டும்
அடியில் ‘டொக்’ என்றொரு சத்தம்.
ஸ்டியரிங் சட்டென்று எடையிழக்கும்.
மூக்கு பள்ளத்தைப் பார்க்கும்
ஒரு மூச்சு நேரம்.
பிறகு ஒன்றுமே நடக்காதது போல
ரோட்டுக்குத் திரும்பும்.

டயர் என்றான்; காற்றை இருபத்தெட்டாக்கினான்.
அலைன்மென்ட் என்றான்; அறுநூறு ரூபாய்.
இடப்பக்க டயரை வலப்பக்கம் மாட்டினான்.
டொக் இடம் மாறவில்லை.
அப்புறம் ஒருநாள் ஒன்பதாம் கொண்டை ஊசியில்
என் பக்கம் திரும்பாமலே சொன்னான்:
“தனியா வரும்போது வர்றதில்ல.
நீ பேசிக்கிட்டே வர்றப்பதான் வருது.”

எடை போடுவது என் பிழைப்பு.
ஃபேக்டரி வாசலில் பச்சை இலையை நிறுத்து,
ஈரத்துக்குக் கழித்து, சீட்டு எழுதிப்
பதினோரு வருஷம்.
ஸ்பிரிங்கும் ஒரு தராசுதான்,
முள் மட்டும் கிடையாது.
முள் இல்லாத தராசின் பேரில்
யார் எதையும் சொல்லலாம்.

ஆகவே முள் செய்தேன்:
மார்க்கெட்டில் கேரட் கட்டிக்கொடுத்த ரப்பர் பேண்ட்.
இடது முன்சக்கரத்தைக் கழற்றி, தூசி உறையைத் தூக்கி,
ஷாக் அப்சார்பரின் வெள்ளித் தண்டில் அதை மாட்டி
அடிவரை இறக்கிவிட்டேன்.
கார் எவ்வளவு அமுங்குகிறதோ
அவ்வளவுக்கு மேலே தள்ளப்பட்டு
அங்கேயே நிற்கும், கோர்ட்டுக்கு வந்த சாட்சி போல.

“ஒத்தையாப் போய்ட்டு வா.”
போய் வந்தான். டொக் இல்லை.
மேல் ரப்பருக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது பேண்ட்.
திரும்ப அடிக்கு இறக்கிவிட்டு நானும் ஏறினேன்.
அதே வேகம், அதே கியர். டொக்.
பேண்ட் மேல் ரப்பரில் முட்டி நசுங்கியிருந்தது.
“பாத்தியா” என்றான்.

மறுநாள் இலைச்சாக்கு இரண்டு,
முப்பத்தொன்றும் முப்பத்தொன்றும்,
என் இருக்கையில் ஏற்றி பெல்ட் போட்டேன்.
என் எடையை அவனிடம் நான் சொன்னதில்லை.
அன்றைக்கும் சொல்லவில்லை.
மாலை ஷிப்டுக்குள் இலை திரும்ப வேண்டும்,
வாடினால் கணக்கு உதைக்கும் என்றேன்.
மூடுபனிக்குள் சாக்கோடு இறங்கிப் போனான்.

முக்கால் மணி கழித்து வந்து நின்றான்.
எஞ்சினை அணைத்தும் இறங்கவில்லை.
“ஒன்பதாவதுல,” என்றான்.
சாக்கு ஏதாவது பேசிற்றா என்று கேட்டேன்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்க, பாரம் முன்னே வரும்.
வலக்கைத் திருப்பத்தில் இடக்கால் தாங்கும்.
அந்தக் காலுக்கு மடங்க இடமில்லை.
அறுத்த ஒன்றரைச் சுற்றில்தான் இருந்தது அந்த இடம்.
தாழ்ந்தால் சாயாது என்றார்கள் ஷெட்டில்.
உடம்பு இறங்கியது மூன்று விரற்கடை;
அது எதைப் பற்றிக்கொண்டு சாய்கிறதோ
அந்தக் கண்ணுக்குத் தெரியாத புள்ளி
இன்னும் கீழே போய்விட்டது.
முன்னைவிட அதிகம் சாய்கிறது கார்.

“மேல் ரப்பரைப் பாதி நறுக்கிட்டா?”
கத்தியை எடுத்து உள்ளே வைத்தேன்.

புது ஸ்பிரிங் கோயம்புத்தூரிலிருந்து
பஸ்ஸில் வருமாம், வியாழனோ வெள்ளியோ.
அதுவரை இரண்டாம் கியரில் போகிறோம்.
நான் பேசிக்கொண்டே வருகிறேன்.
அறுத்த துண்டு என் மேஜையில்
சீட்டுகள் பறக்காமல் அமுக்கிக் கிடக்கிறது.
ஐந்நூற்று நாற்பது கிராம்.
போட்டுப் பார்த்துவிட்டேன்.