உதட்டுப் பாடம்

முதல் வருசக் கணக்கு நோட்டில்
நாடகம் என்ற சொல்லே இல்லை.
பெட்ரோமாக்ஸ் வாடகை பன்னிரண்டு,
டீ ஒன்பது,
அர்த்தனாரி மீசைக்குப் பசை ஒன்றரை.
வரவில் ஒரே வரி:
தீபாவளி போனசில் தலைக்குப் பத்து.

படுதா, விலை போகாத லுங்கித் துணி.
சாயம் தப்பிய கட்டங்கள்,
அரண்மனைக்கும் அதுதான், சுடுகாட்டுக்கும் அதுதான்.
குமாரபாளையத்தில் யாரும் குறை சொல்லவில்லை;
அதில் ஒரு பீஸ் ஓட்டியவர்
மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நான் நடித்ததில்லை.
படுதா ஓரம், முக்காலி, பாட நோட்டு.
மறந்தவருக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை.
அதற்குச் சத்தம் தேவைப்பட்டதில்லை.
பகலெல்லாம் பவர்லூம் இரைச்சலில்
உதட்டைப் பார்த்தே கூலி பேசினவர்கள்,
உதட்டைப் பார்த்தே சண்டை போட்டவர்கள்.
வாயசைத்தால் போதும்,
ராஜா அழுவார்.

ஐந்து வருசம் பெண்வேசம் சின்னராசுக்கு.
ஆறாம் வருசம், தார் சுற்றுகிற பாவாயி வந்து
"ஏனுங்க, அவுரு நடக்கறதப் பாத்தா
எங்களுக்கே சிரிப்பு வருதுங்க" என்றாள்.
சேலையை மடித்துக் கொடுத்த சின்னராசு
மூன்று மாதம் ஒத்திகைப் பக்கமே வரவில்லை.
வந்தபோது மைக் செட் பார்த்துக்கொண்டான்.

ஸ்ட்ரைக் வருசத்துப் பக்கத்தில்
அரிசி வாங்கிய கணக்கு மட்டும்.

பிறகு, பேங்குக்கு மாற்றலாகி வந்த ஜெயசீலன்.
நல்ல குரல். ஆசைப்பட்டார், சேர்த்துக்கொண்டோம்.
காளியம்மன் நோம்பியன்று
நூல் திருடிய வழக்கில் நீதிபதி அவர்.
கூண்டில் அர்த்தனாரி.
தீர்ப்பு மறந்துபோனது.

என்னைப் பார்த்தார்.
'ஆறு மாசம் கடுங்காவல்'
வாயசைத்தேன்.
பேங்கில் எல்லாரும் காதால் கேட்பவர்கள்.
மறுபடி அசைத்தேன்.
படுதாவைத் தாண்டி ஒரு அடி வந்துவிட்டது
எனக்கே தெரியவில்லை.
சின்னராசு மைக்கைத் தட்டிப் பார்த்தான், பாவம்.

திடலில் முந்நூறு பேர் என்னைப் படித்தார்கள்.
படித்துவிட்டு,
சத்தமே இல்லாமல்
முந்நூறு வாயும் வேறொன்று சொன்னது:
'உடுங்க. அவன உட்டுருங்க.'

நீதிபதிக்கு மட்டும் புரியவில்லை.
அர்த்தனாரிக்குப் புரிந்தது.
கூண்டை நகர்த்தி வைத்துவிட்டு இறங்கிப் போய்
மூன்றாம் வரிசையில் இடம் கேட்டு உட்கார்ந்தான்.

ஜெயசீலன் தொண்டையைச் செருமினார்.
"வழக்கு
அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது."
அத்தனை கைதட்டல் அதுவரை வாங்கினதில்லை.

அன்றைய கணக்கு என் கையெழுத்தில் இருக்கிறது:
டீ நாற்பத்தொன்று.
மைக் செட் எண்பது.
தீர்ப்பு, பாக்கி.