வீடு நடந்த நாள்

எங்கள் சிலோயே தீவில் வீடுகள் நடக்கும்.
அடியில் மரத்தண்டு உருட்டி, எட்டு ஜோடி எருது பூட்டி
ஊரே வடம் பிடித்தால் போதும்,
ஜன்னல் கண்ணாடி விரியாமல்
அடுத்த மேட்டுக்குப் போய் நிற்கும்.

என் வீடு நடக்க நேர்ந்தது ஒரு கையெழுத்தால்.
என் கையெழுத்து. போட்டது என் தம்பி நொல்பெர்த்தோ.
பள்ளி நாளில் என் மதிப்பெண் அட்டையில்
அப்பா மாதிரியே கிறுக்கிக் கொடுத்தவன்தான்;
அன்றைக்குக் கூலியாக ஒரு ஆப்பிள் கொடுத்தேன்.
இன்றைக்கு சால்மன் கம்பெனியின் வேலி
கோழிக்கூண்டுவரை வந்துவிட்டது.

"மூன்று வருஷம் உள்ளே தள்ளலாம்" என்றார் வக்கீல்.
பத்திர நகலை மாவு டப்பாவில் வைத்தேன்.
பிசைய உட்காரும்போதெல்லாம்
கை முதலில் அதைத் தொட்டுவிட்டுத்தான் மாவை அள்ளும்.
ஒரு மழைக்காலம் முழுக்க
அந்த ரொட்டியைத்தான் தின்றேன்.

நேற்று விடிகாலை, சேற்றில்,
கடைசி வடத்தின் கடைசி ஆளாக வந்து நின்றான்.
யாரும் கூப்பிடவில்லை.
இழுக்க வந்தவனை ஏன் வந்தாய் என்று கேட்பது
இங்கே வழக்கமில்லை.
ஊர் என் முகத்தைப் பார்த்தது.
போ.
ஒற்றை எழுத்து. நாக்கு நுனிவரை வந்தது.
எலெயுத்தேரியோ கம்பை ஓங்கியபடி காத்திருந்தார்,
எருதுகள் ஆவி விட்டன.
"இழுங்க" என்றேன்.

பெரிய மனசு ஒன்றும் இல்லை.
ஏற்கெனவே இரும்பு அடுப்பை இறக்காமல் விட்டிருந்தோம்;
இன்னொரு கனம் வேண்டாமென்று பட்டது.

வீடு முனகியது.
நாய் வாசற்படியைவிட்டு இறங்க மறுத்து
சவாரி செய்தது.
ஒதீலியா தந்த உருளைக்கிழங்குத் தோட்டத்து மூலையில்
சாயங்காலம் வந்து உட்கார்ந்தோம்,
கடலுக்குக் கொஞ்சம் கோணலாக.

நாற்பத்தொரு கிண்ணம் எண்ணி வைத்திருந்தேன்.
அவன் தள்ளி நின்று உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தான்,
கயிறு தோலை உரித்திருந்தது.
என் கிண்ணத்தில் கறி அள்ளி நீட்டினேன்.
"உப்பு கம்மி" என்றான்.
"தின்னு" என்றேன்.
ஏழு மாதத்தில் நாங்கள் பேசியது இவ்வளவே.

நிலம் போனது போனதுதான்.
சாவி எங்கே இருக்கிறதென்று
இனி அவனுக்குச் சொல்ல மாட்டேன்.

இரவு, நகலை வெளியே எடுத்தேன்.
கொளுத்தவில்லை; பின்பக்கம் நல்ல வெள்ளையாக இருந்தது.
வடம் பிடித்தவர்கள் பெயரை வரிசையாக எழுதினேன்.
ஆளுக்கொரு நாள் உழைப்பை நான் திருப்பித் தர வேண்டும்,
இந்தத் தீவின் கணக்கு அது.
நாற்பத்திரண்டாவது வரியில்
நொல்பெர்த்தோவுக்கு ஒரு நாள், என்று எழுதி
மாவைத் தட்டி உதறிவிட்டு
ஆணியில் மாட்டினேன்.