எட்டு நொடிக்கு ஒருமுறை

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில்
டயர்க் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
ஒஹையோவில் யாரோ மாற்றிக்கொண்ட முழங்காலுக்கு
இங்கே ராத்திரி முழுக்க பில் போடுகிறோம்.
போடுகிறார்கள். நான் போடுவதில்லை.
முப்பத்தாறு பேர் போடுவதைப்
பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை.

ஆளுக்கொரு கோடு.
மவுஸ் நகர்ந்தால் பச்சை.
மூன்று நிமிஷம் கை ஓய்ந்தால் மஞ்சள்.
பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை
ஒவ்வொரு திரையையும் படம்பிடித்து
என் முன்னால் கொண்டுவந்து போடும் மென்பொருள்,
பூனை பல்லியைக் கவ்வி வந்து
காலடியில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பதுபோல.

நான் கேட்காமலே எனக்குத் தெரிந்தவை:
ஏகாம்பரம் கால்குலேட்டரில்
ஒரே கடனை இரண்டு வட்டிக்குப் போட்டுப் பார்க்கிறார்.
ஷமீமா மார்ச் மாதத்திலிருந்து
ராஜினாமாக் கடிதம் எழுதுகிறாள்;
'மதிப்பிற்குரிய' வரைக்கும் வந்திருக்கிறது.
தணிகாசலம் தேடல் பெட்டியில்
தன் பெயரையே அடித்துத் தேடுகிறான்.
வேறு யார் யாரோ வருகிறார்கள்.
பதினொரு மணி டீக்கு எதிரே உட்கார்ந்து
சுண்டல் பொட்டலத்தை நீட்டுகிறவர்களை
எந்தக் கண்ணால் பார்ப்பது?

ஊரைப் பற்றி ஒரு கேலி உண்டு,
தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
விரல் மடக்கிக்கொண்டே போவார்கள்.
அக்னி நட்சத்திரத்து வியாழக்கிழமை ராத்திரி
நான் இன்னொரு விரல் மடக்கினேன்:
ஆளில்லாத அசைவு.

பதினேழாம் நம்பர், ஜெபராணி.
கோடு பச்சையென்றால் அப்படியொரு பச்சை.
மனுஷக் கை இவ்வளவு ஒழுங்காக நகராது.
எட்டு நொடிக்கு ஒருமுறை இடமிருந்து வலம்,
எட்டு நொடிக்கு ஒருமுறை வலமிருந்து இடம்.

எழுந்து போய்ப் பார்த்தேன்.
மேஜை விசிறியின் தலையில் ஒரு நூல்,
மறுமுனையில் மவுஸ்.
திரும்ப இழுக்க டிராயர்ப் பிடியில்
ஒரு ரப்பர் பேண்டு.
விசிறி முகம் திருப்பினால் மவுஸ் போகும்,
திரும்பினால் வரும்.
நாற்காலியில் துப்பட்டா மட்டும்.
(ஏசி கெட்டுப் பதினாலு நாள்.
விசிறி கம்பெனி கொடுத்ததுதான்.)

மொட்டைமாடிப் படியில்,
பகல் சூட்டை இன்னும் கக்கிக்கொண்டிருந்த சுவரில்
தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து
தூங்கிக்கொண்டிருந்தாள்.
பக்கத்தில் கட்டைப்பை. அதில் துருத்திக்கொண்டு
பெரிய ஆஸ்பத்திரிக் கோப்பு.
அப்பா பெயர், டயாலிசிஸ்,
செவ்வாய் வியாழன் சனி, காலை ஆறு.
எட்டு மாதமாக அவள் திரையைப் பார்க்கிறேன்.
இது எந்தப் படத்திலும் வரவில்லை.

எழுப்பவில்லை.
இறங்கி வந்து அவள் கோட்டைத் திறந்து வைத்தேன்.
வலது மூலையில் சிவப்பாக
'விதிமீறல்' என்று ஒரு பொத்தான்.
அதை அழுத்தவுமில்லை, பக்கத்தை மூடவுமில்லை.
வெளியே லாரி ஒன்று கியர் மாற்றிக்கொண்டு
பெங்களூர்ப் பக்கம் போனது.

மறுநாள் மானேஜர் ஒரு தாளை நீட்டினார்.
மேலே என் பெயர்.
எனக்கும் ஒரு கோடு ஓடுகிறது என்பது
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.
'1.42 முதல் 1.53 வரை. ஒரே பக்கம்.
விசை அழுத்தம்: பூஜ்யம்.'
பதினோரு நிமிஷ மஞ்சள்.

என்ன பண்ணிட்டிருந்தீங்க, என்றார்.
யோசிச்சேன் சார், என்றேன்.
அதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று
தாளைத் திருப்பி, பின்பக்கமும்
உண்மையாகவே தேடிப் பார்த்தார் பாவம்.

சனிக்கிழமை ராத்திரி ஒன்றரைக்கு
பதினேழாம் நம்பர் நாற்காலி காலி.
அந்த வழியாகத் தண்ணீர் பிடிக்கப் போனவன்
விசிறியை மூன்றிலிருந்து ஒன்றுக்குத் திருகிவிட்டு
என் இடத்துக்கு வந்தேன்.

இப்போது பதிமூன்று நொடிக்கு ஒருமுறை.
நடுவில் நூல் சிக்கி ஒரு தயக்கம்.
பரவாயில்லை,
கொஞ்சம் களைத்த கை மாதிரி இருக்கிறது.