நீர்ப்பூட்டு

ஆப்பிள் தீவு என்று பெயர் வாங்கிய ஊரில்
ஆப்பிள் சாறு
எங்கிருந்தோ கடல் தாண்டிக் குழம்பாக வந்து
குழாய்த் தண்ணீரில் கரைந்து
அட்டைப் பெட்டியில் நிற்கிறது.
பெட்டிமேல் அச்சடித்த பழத்துக்கு மட்டும்
காம்பும் ஓர் இலையும் உண்டு.

ஹோபார்ட்டில் ஜூன் என்றால்
ஐந்து மணிக்கே இருட்டு.
நான் குப்பை லாரி ஓட்டுகிறேன்.
யார் வீட்டில் என்ன குடிக்கிறார்கள் என்பது
தொட்டி கவிழும் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.
அதனால்தானோ என்னவோ
சத்தமில்லாமல் ஒன்றைச் செய்துபார்க்க நினைத்தேன்.

முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை.
ஈஸ்ட் தூவி, மூடி, போர்வை சுற்றி
பத்து நாள் பார்த்தேன்.
சாறு சாறாகவே உட்கார்ந்திருந்தது.
பிறகுதான் பெட்டியின் அடிப்பக்கம்
எறும்பு எழுத்தில் படித்தேன்:
பொட்டாசியம் சார்பேட்.
கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்த்தது.

கெட்டுப்போகிற சாறு இருக்கிறதா என்று
கடைப் பையனைக் கேட்டேன்.
அவன் மேலாளரைக் கூப்பிடப் போனான்.

இரண்டாம் தடவை
எழுத்தையெல்லாம் படித்து வாங்கினேன்.
ஐந்து லிட்டர் கண்ணாடி ஜாடி,
கழுத்துவரை ஊற்றாமல் நுரைக்குக் கொஞ்சம் இடம்,
நகம் வெட்டிப் போட்ட அளவு ஈஸ்ட்,
வாயில் ஒரு நீர்ப்பூட்டு:
உள்ளே இருப்பது வெளியே போகலாம்,
வெளியே இருப்பது உள்ளே வரக்கூடாது.
சில வீடுகள் அப்படித்தான்.

வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்து அலமாரியில்
மூன்றாம் நாள் சாயங்காலம்
களுக்.

கொஞ்சம் கழித்து
இன்னொரு களுக்.

கீழ்வீட்டு இல்சா ஃபான்டர்மீர்
ஒரு வாரம் பொறுத்தாள்.
ஆஸ்பத்திரியில் இரவுப் பணி, பகலில்தான் உறக்கம்.
ஒரு மதியம் டார்ச்சோடும் ஸ்பானரோடும் வந்து நின்றாள்.
"கோர்மக், உன் குழாய் ஒழுகுகிறது.
எட்டு நொடிக்கு ஒரு சொட்டு.
எண்ணிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்."

அலமாரியைத் திறந்து காட்டினேன்.
போர்வைக்குள் கலங்கலாய், வெதுவெதுப்பாய்,
தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தது ஜாடி.
இல்சா முழங்காலிட்டாள்.
ஜாடியின் தோளில் கைவைத்து, மறுகையில் கடிகாரம் பார்த்தாள்,
பழக்கம் போலிருக்கிறது.
"நிமிடத்துக்கு ஏழு" என்றாள்.
"பிழைத்துக்கொள்ளும்."

திட்ட வந்ததை மறந்துவிட்டு
ஸ்பானரை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அதன்பிறகு மாடிப்படியில் எதிர்ப்பட்டால்
வானிலை பேசுவதில்லை.
நாலு, என்பேன்.
இரண்டு, என்பாள் அவள், முந்திக்கொண்டு.
காது அவளுக்கு.

நாலாவது வாரம், கதவு தட்டும் சத்தம்.
இரவு உடைமேல் கோட்டு, காலில் ஒற்றைச் செருப்பு.
"நின்றுவிட்டதா?"
"நேற்று மதியம்."
"அதுதான்" என்றாள்,
"கண் மூடவே முடியவில்லை."

அடியில் வண்டல் படிந்து மேலே தெளிந்திருந்தது,
வெளிறிய பொன்னிறத்தில்.
குழாய் வைத்து உறிஞ்சி இரண்டு கோப்பை எடுத்தோம்.

சீச்சீ இந்தப் பழம் புளிக்கும் என்பது
எட்டாதவர்கள் சொல்வது.
கைக்கு எட்டிய பழம் புளிக்குமா புளிக்குமா என்று
ஒரு மாதம் காத்துக் கிடந்தவன் நான்.

புளித்தது.
இனிப்பு முழுவதையும் ஈஸ்ட் தின்று தீர்த்திருந்தது.
இல்சாவின் இடது கண் தானாக மூடிக்கொண்டது.
"இது மருந்து" என்றாள், "குடிப்பது நோயாளிகள்."

அப்போதுதான் ஞாபகம் வந்தது.
முதல் தடவை வாங்கிய கெடாத சாற்றில்
ஒரு பெட்டி பிரிக்காமலே கிடந்தது.
அதில் கால் கோப்பை ஊற்றினேன்.
சரியாக வந்தது.
மூன்றாவது கோப்பைக்கு
அவள் மற்றச் செருப்பைத் தேடுவதை விட்டுவிட்டாள்.

வியாழன், எங்கள் தெருவின் முறை.
விளக்கு எரியாத விடியலில்
என் தொட்டியை நானே தூக்கிக் கவிழ்த்தேன்.
அட்டைப் பெட்டிகள்
பஞ்சு மாதிரி விழுந்தன.
ஒரு பாட்டில் சத்தம் இல்லை.
யாரோ குழந்தை குட்டிக்காரன் என்று
நினைத்திருப்பேன்,
வேறு வீடாக இருந்திருந்தால்.